முள் இறங்கியது

முள் இறங்கியதைப் பார்த்து நிம்மதியானேன்.
அதுதான் நான் செய்த தப்பு.

டின் ஃபேக்டரி நெரிசல், ஏப்ரல், மூன்றரை மணி.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி
வால் குழாயில் சொட்டிக்கொண்டே நகர்ந்தது.
என் அறுபத்தெட்டு மாடல் ஹெரால்டில்
முள் சிவப்பைத் தொட்டு, அங்கே கொஞ்சம் யோசித்து
மெல்ல, மரியாதையாகக் கீழே வந்தது.
காற்றுப்பட்டு ஆறிவிட்டது என்று நினைத்து
கே.ஆர்.புரம் பாலம் வரை ஓட்டினேன்.
பாலத்தின் மேல் நின்றுபோனது.

ஜே.சி. ரோட்டுப் பின்சந்தில்
நயாஸ் பானெட்டை முன்னால் கவிழ்த்தார்,
வண்டியின் முகம் மொத்தமும் தரையைப் பார்த்தது.
ஹீட்டர் ஹோஸில் நகம் நுழையும் பிளவு.
டிப்ஸ்டிக்கில் எண்ணெய், பால் தூக்கலான காப்பி.
கழற்றிய ஹெட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து
ஓரத்தில் பத்து ரூபாய்த் தாளைச் செருகிக் காட்டினார்.
போய் வந்தது.
"தண்ணி இருந்தாத்தான் மேடம் முள்ளுக்குச் சூடு தெரியும்.
தண்ணியே இல்லன்னா அது எதைத் தொட்டுச் சொல்லும்?
இது காஞ்சு செத்துச்சு."

வெட்கம் பணத்தால் அல்ல.
பணமும்தான், சரி.
ஆனால் நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், ஒன்பது வருஷமாக.
குழாய் வழி சுற்றும் ரத்தத்தின் மட்டம்
விரற்கடை இறங்கினால் என் மெஷின் அலறும்,
கிடுக்கி தானே கவ்வும்,
யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை.
எட்டுப் படுக்கைக்கு அப்படிக் காவல் இருந்துவிட்டு
வெளியே வந்து
ஒரு முள்ளை நம்பியிருக்கிறேன்.

எஸ்.பி. ரோட்டில் நாற்பது ரூபாய்க்கு பஸ்ஸர்,
ஒரு டிரான்சிஸ்டர், பித்தளை ஸ்க்ரூ, ரப்பர் புஷ்.
ரேடியேட்டரின் மேல்தொட்டியில் துளை போட
நயாஸுக்கு மனசு வரவில்லை.
ஊசிக்கு நரம்பு தேடும் கட்டைவிரலால்
நானே இடம் தேடினேன்.
ஸ்க்ரூ நுனி நீரில் நனைந்திருக்கும்வரை மௌனம்,
நீர் விலகினால் கூச்சல்.
அவ்வளவுதான் அதன் அறிவு.

முதல் வாரம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கத்தியது.
அல்சூர் ஏரியோரம் வளைவுக்குக் கத்தியது.
ஒரு நாய் குறுக்கே வந்ததற்குக் கத்தியது.
வயரைப் பிடுங்கிவிடலாமா என்று கை போனது,
இரவுப் பணியில் அலாரத்தை அமுக்கிவிட்டு
டீ குடிக்கப் போன ஒருவனை எனக்குத் தெரியும்.
பிடுங்கவில்லை.
ஒரு கெப்பாசிட்டர் சேர்த்து
எட்டு நொடி பொறுமை கொடுத்தேன்,
அலை அடங்கவேண்டிய நேரம்.

ஐந்தாம் படுக்கை தேவநேசன்
செவ்வாயும் வெள்ளியும் வண்டியை விசாரிப்பார்.
நாளைக்கு ஒரு லிட்டர்தான் அவருக்கு, சாம்பாரையும் சேர்த்து.
"எனக்கு ஒரு வாய் கூடக்கூடாது,
அதுக்கு ஒரு வாய் குறையக்கூடாது.
நல்ல ஜோடி புடிச்சீங்க சிஸ்டர்" என்பார்.
நான் சிஸ்டர் இல்லை என்று
இப்போதெல்லாம் சொல்வதில்லை.

நேற்று ஹெப்பாள் மேம்பாலத்தில் பஸ்ஸர் கூவியது.
முள் நட்டநடுவில்,
ஒன்றுமே நடக்காததுபோல்.
எண்ணினேன். பத்து, பன்னிரண்டு, கூச்சல் நிற்கவில்லை.
ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன்.
பின்னால் ஹாரன்கள்
என் பிறப்பு வரைக்கும் போய் வந்தன.
கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து
தார்மேல் பச்சையாய் ஒரு கோடு,
வந்த வழி முழுக்க.

மூடியைத் தொடவில்லை.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன்,
விமானம் ஒன்று தாழ்வாகப் போனது.
ஸ்கூட்டரில் வந்த பையன் நிறுத்தி
"நீரு பேக்கா மேடம்?" என்று பாட்டிலை நீட்டினான்,
குளிர்ந்து வேர்த்திருந்தது.
இப்போது வேண்டாம், சுடுகிற இரும்பு,
குளிர்நீர் பட்டால் விரிசல் விடும் என்றேன்
பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும்.
எஞ்சினை ஒருமுறை பார்த்தான்.
சரி என்று தலையாட்டி
அவனே அண்ணாந்து குடித்தான்.