பெட்டி பேசக்கூடாது

கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில்
பதினைந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு.
காகிதக் கூம்பு, கறுத்த விளிம்பு,
தூக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும்
ஒரு வயதுப் பிள்ளையின் பாரம்.
பெட்டியோடு வாங்கக் காசு காணாது.
பெட்டி என்ன பெட்டி,
ஆறு பலகையும் கொஞ்சக் காற்றும்தானே என்று
சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

போன வருசக் கூத்துக்குப் புனல் கட்டினார்கள்.
மரண அறிவித்தல் சொல்லிப் போகும் ஓட்டோவின் புனல்.
அதற்கு அடித்தொண்டை கிடையாது.
ராசா செத்தபோது
எத்தனை மணிக்குத் தகனம் என்று சனம் கேட்டது.

காற்றுத்தான் கணக்கு.
ஒரு பெட்டிக்கு நூற்றிருபது லீற்றர்.
கொப்பியின் பின்மட்டையில் பெருக்கினேன்,
பலகையின் தடிப்பைக் கழிக்க மறந்து
திரும்பவும் பெருக்கினேன்.
காந்தம் பிடிக்கும் இடம், குழாய் பிடிக்கும் இடம்,
குறுக்குச் சட்டம் பிடிக்கும் இடம்:
ஒரு வெறுமைக்குள் இத்தனை பேர் குடியிருப்பு.

பிளைவுட் இரண்டு தாள்தான் வாங்க முடிந்தது.
குறுக்குச் சட்டத்துக்குத் துண்டு போதவில்லை.
அறையிலிருந்த அலுமாரியின் மூன்றாந் தட்டு,
பழைய தேக்கு,
அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தது.
நிரோஜினி அந்நேரம் பள்ளிக்கூடத்தில்.
அதைப்பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

நல்ல பெட்டிக்கு ஒரே இலட்சணம்,
அது பேசக்கூடாது.
உள்ளே அத்தனை அடி விழும்,
சுவர் மயிரளவும் அசையக்கூடாது.
அசைந்தால்
மத்தளக்காரன் அடிப்பதற்கு நடுவில்
தன் அபிப்பிராயத்தையும் சொல்லத் தொடங்கும்.

துளைக்குத் தண்ணீர்க் குழாய், நாலங்குலம்.
நீண்டால் தாழ்ந்து மூச்சுவிடும், குறுகினால் உயர்ந்து.
விரல்கடை விரல்கடையாய் அரிய வேண்டும்,
வெட்டின குழாய் வளராது.
பெட்டியை மல்லாக்கக் கிடத்தி
கூம்பின்மேல் ஒரு பிடி அரிசி தூவி
போனிலிருந்து ஒற்றைச் சுரம் விட்டேன்.
அறுபது ஹேட்ஸில் அரிசி துள்ளியது.
ஐம்பதில் கொஞ்சம் சோர்ந்தது.
நாற்பத்திரண்டில்
ஒரு மணியும் அசையவில்லை.
எரிந்துவிட்டது என்று குனிந்தேன்.
குழாய் வாய்க்கு மேல் பிடித்திருந்த நெருப்புக்குச்சி
பட்டென்று அணைந்தது.
கூம்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்க
முழு வேலையையும் காற்றே செய்யும் புள்ளி அது.
அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை,
விலா எலும்புக்கு வந்தது.
பக்கத்து வளவுத் தகரம்
கிலுகிலுத்து ஒத்துக்கொண்டது.

பிறகு பாசையூர். இரவு பத்தரை.
பகலில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் கிளமென்ற்
முடியைச் சரிபார்த்துக்கொண்டு திரைக்குப் பின்னால்.
இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி.
நடுவில் போய் நின்று கேட்டேன்.
மத்தளம், பால்மாப் பேணி.
இடப்பெட்டிக்குக் கிட்டப் போனால் அடி இருக்கிறது.
வலப்பெட்டிக்குக் கிட்டப் போனாலும் இருக்கிறது.
சனம் பாய் விரித்த இடத்தில் மட்டும்
இல்லை.
அம்பைத் திருகினேன். மைக்கை மாற்றினேன்.
வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.
பத்தாம் வகுப்புக்கு அலைகள் படிப்பிக்கிறவள்
பாயிலிருந்து எழும்பி வந்தாள்.
“ஒண்டு தள்ளேக்க
மற்றது இழுக்குதோ எண்டு பாருங்கோ.”

வலப்பெட்டியின் முதுகில்
சிவப்பு வயர் கறுப்பில், கறுப்பு சிவப்பில்.
நான் முடுக்கியது, என் கையால்.
மாற்றி முடுக்கி நிமிர முன்னமே
முழங்காலுக்குக் கீழே மணல் ஒருதரம் விம்மியது.
கடைசிப் பாயில் நித்திரையாய்க் கிடந்த பொடியன்
எழும்பி இருந்து
யார் கூப்பிட்டது என்று பார்த்தான்.

நடுச்சாமம் கழிந்து
மேடையில் மந்திரி பொய் சொல்லிக்கொண்டிருக்கையில்
அவள் பெட்டியின் விலாவில்
உள்ளங்கையை வைத்தாள்.
“என்ர சீலைத் தட்டு,
சத்தமே போடுதில்லை.”

“போடக்கூடாது,” என்றேன்.

“அப்ப நீங்களும் போடாதேங்கோ.
கூத்தைப் பாப்பம்.”