ஸ்கிராப்

ஹல் நகரில், மீன்பிடிப் படகுகள் வராமல்போன
துறைமுகத் தெருவில் டோரீன் ஹேக்ஸ்பியின் கடை.
எண்ணெயில் உதிர்ந்து மிதக்கும் மாவுத் துணுக்குகளை
அரிகரண்டியால் அள்ளி
கேட்டவர்களுக்குச் சும்மா தருவாள்.
அந்த ஊரில் அதற்குப் பெயர் ஸ்கிராப்.

வெள்ளிக்கிழமை, இரவு பத்தேகால்.
வரிசையில் நின்ற கிளிஃப் ஸ்டெய்ன்ஃபோர்த்
தம்பி நெவிலின் தாடையில் ஒன்று வைத்தான்.
வினிகர் புட்டி விழுந்து உடைந்தது.
நெவில் அண்ணனின் காலரைக் கொத்தாகப் பிடித்தான்.
"வெளியே" என்றாள் டோரீன்,
கரண்டியைக் கீழே வைக்காமல்.
இருவரும் ஒழுங்காக வெளியே போய்,
கதவையும் சாத்திவிட்டு,
மழையில் தொடர்ந்தார்கள்.

ஒரு கூடை உருளைக்கிழங்கு சிவப்பதற்குள்
முடிந்துவிட்டது.

பிறகுதான் காவலர் வந்தார்.
தெற்கிலிருந்து மாற்றலாகி மூன்று வாரம்,
நனைந்த நோட்டு, நனையாத பேனா.
"சண்டையா?"
"சேச்சே. ஸ்கிராப்."
காவலர் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
"அதுவும் ஸ்கிராப்தான்" என்றாள்.
"எதற்காக அடித்துக்கொண்டார்கள்?"
"அவர்கள் அப்பாவின் வேன்.
பெரியவனைக் கேட்காமல் சின்னவன் போட்டுவிட்டான்."
"எதில் போட்டார்?"
"ஸ்கிராப்பில்."

பேனா நின்றது.

தமிழில் என்றால் அவருக்குக்
கைகலப்பு என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.
கையும் கையும் கலப்பது,
மாவும் தண்ணீரும் மாதிரி.
தள்ளுமுள்ளு என்றாலும் தகும்,
சொல்லி முடிப்பதற்குள் ஆள் விலகியிருப்பான்.

டோரீன் கரண்டியைத் தட்டி எண்ணெய் வடித்தாள்.
"சண்டை என்றால், தம்பி,
நானும் என் புருஷனும் போட்டது.
ஒரு கை ஓங்கவில்லை, ஒரு தட்டு உடையவில்லை.
பதினோரு வருஷம்.
உப்பு வேண்டுமென்றால்
நாயிடம் சொல்வார்."

காவலர் இதை எழுதவில்லை.

வெளியே, குப்பைத்தொட்டி மூடியின் மேல்
ஒரே பொட்டலத்தைப் பிரித்துவைத்து
அண்ணனும் தம்பியும் தின்றுகொண்டிருந்தார்கள்.
நெவில் வலப்பக்கப் பல்லால் மட்டும்.

"வினிகர் புட்டி, ஒரு பவுண்டு எண்பது!"
கதவைத் திறந்து கத்தினாள் டோரீன்.

"நான் தருகிறேன்."
"நீ ஒன்றும் தர வேண்டாம்."
"கையை எடுடா."
"நீ எடு முதலில்."

காவலர் மறுபடி
பேனாவின் மூடியைக் கழற்றினார்.