ஒரு பெயர் குறைகிறது

க்ளூஜ் நகரில், உளவுத்துறைக் கட்டடத்தின்
மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு மேசை,
ஒரு தட்டச்சுப்பொறி.
அதில் ஓர் எழுத்து மட்டும்
வரியை விட்டுச் சற்றே மேலே குதிக்கும்.

பிறர் வீடுகளில் அள்ளிவந்த காகிதங்களை
மூன்று படிகளாக அடித்துத் தரவேண்டும்.
காதல் கடிதம், நாட்குறிப்பு,
ஒருமுறை வெறும் மளிகைப் பட்டியல்.
அதில் ஆரஞ்சு என்று எழுதியிருந்தது.
ஆரஞ்சு எங்கும் கிடைக்காத ஆண்டு அது.

எண்பத்தாறு ஜனவரியில்
தெயோஃபில் க்ரிஷான் என் மேசைக்கு வந்தார்.
ஆள் அல்ல. ஆளைக் கீழே எங்கோ வைத்திருந்தார்கள்.
வந்தது அவர் கையெழுத்து,
எரிவாயு மீட்டர் படிவங்களின் முதுகில்,
நானூற்றுப் பதினோரு தாள்.

தத்துவம் கற்பித்தவரை வேலை நீக்கி
வீடு வீடாக மீட்டர் பார்க்க அனுப்பியிருந்தார்கள்.
அவர் பார்த்தார்.

"சமையலறை வாளியில் தண்ணீர் உறைந்திருந்தது.
கடுங்குளிர் இல்லை என்றது வானொலி.
கோடரியால் பனியை உடைத்துத் தேநீர் வைத்தவள்
வானொலியின் ஒலியைக் கூட்டினாள்,
அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று."

இன்னோரிடத்தில்:
"அதிகாரத்துக்கு நம் நம்பிக்கை வேண்டாம்.
நாம் நம்பவில்லை என்று அதற்குத் தெரியும்,
தெரியும் என்று நமக்கும் தெரியும்.
அதற்கு வேண்டியது
நம்மில் இருவர் அதைப் பேசிக்கொள்ளாதிருப்பது."

அடித்தேன். கார்பன் தாளை மாற்றினேன். அடித்தேன்.
விரல் நுனி நீலமானது.
எனக்குக் கருத்து இருக்கக் கூடாது;
நிமிடத்துக்கு இத்தனை எழுத்து, அவ்வளவுதான்.
ஆனாலும் மாலையில் டிராமில்
யாரோ வானொலியைப் பற்றி ஏதோ சொல்ல,
நான் தலையாட்டாமல் இருந்தேன்.
அதைத் துணிச்சல் என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசிக்கு முந்தைய தாளில் அவர் நன்றி சொல்லியிருந்தார்.
"பெயர் சொல்லாத நன்றி பாதிப் பொய்.
இந்தக் காகிதத்தை அலுவலகத்திலிருந்து
கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தவள்
ஸெனோவியா, என் வீட்டுக்கு மேல்தளம்."

ஐயோ மனிதா.

அறையில் வேறு யாருமில்லை.
கேப்டன் பெட்ராஷ்கு தாள்களை எண்ணுவார்,
படிக்கமாட்டார்.
மூலத்தை அன்றைக்கே அடுப்பில் போடுவது விதி.
நான் அடித்தேன்: "ஒரு பெண்."
மேல்தளத்தையும் விட்டுவிட்டேன்.
மூன்று படியிலும்.

கேப்டன் எண்ணினார். கையெழுத்திட்டார்.
அடுப்பு தன் வேலையைச் செய்தது.

அவர் அந்த மார்ச்சில் இறந்தார்.
நிமோனியா என்று தட்டச்சு செய்தவளும் நான்தான்.

ஆட்சி போனது. கோப்புகள் திறந்தன.
உலகில் அந்த நூலுக்கு இருந்த ஒரே பிரதி
எங்களுடையது.
புத்தகமாக வந்தபோது அட்டையில்
என் தட்டச்சுப் பக்கத்தையே படமாகப் போட்டிருந்தார்கள்.
குதிக்கும் எழுத்தைக் கடையின் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே
அடையாளம் கண்டேன்.

வெளியீட்டு விழா. கடைசி வரிசையில் நான்.
பேராசிரியர் ஒருவர் விளக்கினார்:
"அந்த 'ஒரு பெண்' யாருமல்ல, எல்லோரும்தான்.
பெயரின்மையே அவருடைய இறுதித் தத்துவம்."
கைதட்டினார்கள்.

நடுவரிசையில் ஒருத்தி எழுந்தாள்.
சாம்பல் நிறக் கோட்டு, கையில் புத்தகம்.
"காகிதம் தந்தது நான்," என்றாள்.
"என் பெயரை எழுதியிருப்பதாக அவர் சொன்னார்.
உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர்.
என்னிடம் மட்டும் ஏன் பொய் சொன்னார்?"

பேராசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.
என் மடியில் விரல்கள்
அவள் பெயரின் ஏழு எழுத்துகளையும்
ஓசையில்லாமல் அடித்தன.
எழுந்து சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அவர் நேர்மை மீளும்,
அவள் மனம் ஆறும்,
நான் யார் என்பதும் தெரிந்துபோகும்.
முதலிரண்டும் பெரிது என்று எனக்குத் தெரியும்.
நான் பேசிக்கொள்ளாதிருக்கும் அந்த இருவரில் ஒருத்தி.

கோட்டு வாங்கும் வரிசையில்
அவளுக்கு நேர் பின்னால் நின்றேன்.
கழுத்தில் நரைமுடி, கையில் இலக்கச் சீட்டு.
வாய் திறந்தேன்.

"குளிர் அதிகம்," என்றேன்.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.
"வானொலி அப்படிச் சொல்லவில்லையே," என்று
சிரித்தாள்,
தன் கோட்டை வாங்கிக்கொண்டு
பனிக்குள் இறங்கினாள்.