இரண்டாவது சுற்று

ஏலச்சீட்டை எடுத்து மாரிஸ் மைனர் வாங்கினேன்.
ஒன்பது நாளாய் அறவாழி பேசவில்லை.
தட்டு, சொம்பு, கதவுத் தாழ்ப்பாள்
எல்லாம் சத்தம் போட்டன.

கோரிமேட்டில் எங்கள் வாசலைத் தாண்டித்தான்
ஏற்காட்டு பஸ் மலைக்குப் போகும்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
இந்த வண்டியோ நின்ற இடத்திலேயே
டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தில் எண்ணெய் விடுகிறது.

பழைய சீலைக் குண்டூசியால் நெம்பினேன்.
புளியங்கொட்டைத் தோலாய் உடைந்து வந்தது.
செவ்வாய்ப்பேட்டை பம்புசெட் கடைக்காரர்
வளையங்களை விரலில் மாட்டிக் காட்டி
"எந்த மோட்டாருக்கும்மா?" என்றார்.
போர் மோட்டார் என்றேன்.
ஐம்பத்தாறாம் வருஷத்துக் கார் என்றால் விலை ஏறியிருக்கும்.
பதினைந்து ரூபாய்.

காடியில் புது வளையம், அதன்மேல் ஒரு விரல் எண்ணெய்.
பிதுங்காமல் திருகித் திருகி அமுக்க
முதலில் மறுத்தது.
பிறகு அடியில் பல் பல்லைக் கண்டுபிடித்து
ளக்கென்று உட்கார்ந்தது.

ஹேண்டில் சுற்ற இன்னொரு கை வேண்டும்.
கேட்கவில்லை.
சங்கத்துக் கணக்குநோட்டை மூடிவிட்டு
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வந்தார்.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு
வரிசை சொல்லி ஒயர்களைச் செருகினேன்.
சாவி.
கார்புரேட்டர் வழியாகத் தும்மியது என்ஜின்.
எதிர்வீட்டு நாய் எழுந்து போனது.

அவர் மூடியைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினார்.
குனிந்து, மெதுவாய் ஒரு சுற்று. இன்னொன்று.
"புல்லியில இந்த வெட்டு ரெண்டு தடவ வருது.
மேல அந்த முள்ளு ஒரு தடவதான் சுத்துது.
எந்தத் தடவைய நீ நம்புன?"

சீட்டைப் பற்றித்தான் கேட்கிறாரோ என்று
ஸ்பேனரோடு நின்றேன்.

முதல் பிளக்கைக் கழற்றி
ஓட்டைமேல் அவர் கட்டைவிரலை வைத்தேன்.
இப்போது சுற்றியது நான்.
வெட்டு வந்தது. விரல் சும்மா இருந்தது.
இன்னும் ஒரு சுற்று.
"தள்ளுது" என்றார், "ஏ, தள்ளுது தள்ளுது!"
கரி வட்டம் பதிந்த விரலை
விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சீலைத் தொடவில்லை.
நாலு ஒயரையும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினேன்.
ஓடும் என்ஜின்மேல் டிஸ்ட்ரிபியூட்டரை
மயிரிழை இப்படி, மயிரிழை அப்படித் திருப்பி
சத்தம் சமனான இடத்தில் போல்ட்டை இறுக்கினேன்.

ராத்திரி அடியில் காலண்டர் தாள் விரித்து வைத்தோம்.
காலையில் ராகுகாலத்தின் மேல் ஒரே ஒரு சொட்டு.

"அது கியர்பாக்ஸ்" என்றேன்.
"தெரியும்.
சீட்டு இன்னும் பதினோரு மாசம் கட்டணும்."