காற்று வாங்குதல்

சாந்தா குரூசில் கிளம்பும்போது
கருவி சரியாகத்தான் இருந்தது.
உள்ளங்கை அகலம், மஞ்சள் உறை,
ஒரு பொத்தான், ஒரு குழாய்.
பொத்தோசியில் பேருந்தை விட்டிறங்கி
சந்தை நடுவே திறந்து பார்த்தேன்:
பதின்மூன்று புள்ளி நான்கு.
கோக்கா இலை விற்பவளும்
மூட்டை தூக்கி மேடேறுபவனும்
வாலை ஆட்டியபடி ஓடும் நாயும்
இதை வைத்துக்கொண்டா உயிரோடிருக்கிறார்கள்?

பிறகுதான் உறைத்தது.
இங்கேயும் நூற்றுக்கு இருபத்தொன்றுதான்.
பங்கு குறையவில்லை, பந்தி மெலிந்திருக்கிறது.
கருவி தாழ்வான ஊரின் பிள்ளை,
அழுத்தத்தையே அளவென்று எண்ணுகிறது.
வெட்டவெளியில் உயர்த்திப் பிடித்து
'இதுதான் இருபது புள்ளி ஒன்பது' என்று
பொத்தானை அழுத்திச் சொன்னேன்.
ஒப்புக்கொண்டது.

அதன் வயிற்றில் ஒரு துண்டு ஈயம்.
ஆக்சிஜன் தொடத் தொட அது தேய்கிறது,
தேய்வதுதான் எண்ணாகிறது.
பெட்டியில் சும்மா கிடந்தாலும்
இரண்டு வருடம் தாங்கினால் அதிகம்.
இந்த மலையிலிருந்து போன ஈயமாகவும் இருக்கலாம்,
யார் கண்டது.

மருத்துவ நிலையத்தில் ஆறு சிலிண்டர்,
ஆறும் தொண்ணூற்றொன்பதுக்கு மேல்.
தாதி எனக்குத் தேநீர் தந்து
மேல்தெருவில் ஒரு வீடு இருக்கிறது,
தனியாரிடம் வாங்குகிறார்கள்,
போகிற போக்கில் பாருங்கள் என்றாள்.

ஃபோர்த்துனாத்தோ கோல்கே.
முப்பத்தொரு வருடச் சுரங்கம்
நெஞ்சுக்குள் மணலாய் இறுகிவிட்டது.
சுவரோரம் பச்சை சிலிண்டர்,
மூக்கில் குழாய், உதட்டில் நீலம்.
'பத்தொன்பது நாளாக நல்ல தூக்கம்' என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

இணைத்தேன்.
இருபது புள்ளி ஒன்பது.
தட்டினேன், காத்திருந்தேன்.
இருபது புள்ளி ஒன்பது.
கதவுக்கு வெளியே என்னவோ அதுவே உள்ளேயும்,
ஒரு புள்ளிகூட மாறாமல்.

ஈயம் செத்துவிட்டதோ என்று
பையிலிருந்த சிறு உருளையை எடுத்தேன்.
கருவியைச் சோதிக்க வைத்திருக்கும் தூய வாயு,
தண்ணீர்க் குப்பி அளவுதான்.
எண் ஏறியது. எழுபது. தொண்ணூறு.
தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டில் நின்றது.
கருவி பிழையில்லை.

சாத்துர்னினா என் தோளுக்கு மேலாக
எண்ணைப் பார்த்துவிட்டாள்.
பள்ளிக்கூடம் போகாதவள்,
எண் மட்டும் தெரியும், சந்தைக்காரி.
வாசலுக்கு என்னை இழுத்துவந்தாள்.
'தையல் எந்திரத்தை விற்றுக்
காற்று வாங்கியிருக்கிறேன்' என்றாள்.
'அவரிடம் மூச்சு விடாதீர்கள்.'

நான் மூச்சு விடவில்லை.
நகரத்துக்குத் தொலைபேசினேன்,
மருத்துவமனை வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.
மலைப்பாதை, நேரம் சொல்ல முடியாது என்றார்கள்.
சிறு உருளையை அவர் குழாயில் மாட்டினேன்.
மனிதருக்கு என்று அதில் எழுதியிருக்காது,
விதிப்புத்தகம் என் பையிலேயே இருந்தது,
திறக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் நீலம் வடிந்தது.
பத்தில் கண்ணைத் திறந்தார்,
கூரையைப் பார்த்தார், பச்சை சிலிண்டரைப் பார்த்தார்,
மனைவியின் வெறும் விரல்களைப் பார்த்தார்.
'இது வேறு' என்றார்.

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு.
எத்தனையோ மாதங்களில் அவரால் முடிந்த
முதல் பெருமூச்சு,
அதை இதற்குச் செலவழித்தார்.

நாற்பது நிமிடத்தில் உருளை தீர்ந்தது.
வண்டி வரவில்லை.
உதட்டோரம் மறுபடி மங்கத் தொடங்க
'அந்தப் பச்சையைத் திறந்துவிடு' என்றார்.
சாத்துர்னினா என்னைப் பார்த்தாள்.
'தெரியும், திற. சத்தமாவது இருக்கட்டும்.
சத்தம் கேட்டுத்தானே தூங்கினேன்.'

சீறிக்கொண்டு வந்தது மலைக்காற்று,
இரும்புக்குள் போய்விட்டு வந்த காற்று.
மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
படிவத்தில் எண்ணை எழுதினேன்,
விற்றவன் பெயரையும், அழுத்தி.
கீழே எங்கோ ஒரு வண்டி
கியர் மாற்றி ஏறும் ஓசை.
இங்கே வருவதா, சுரங்கத்துக்குப் போவதா,
அந்தத் திருப்பம் தாண்டினால்தான் தெரியும்.