பிற

மே பிறந்தால் என் தொலைபேசிக்குக் காய்ச்சல்.
யூஃபாலாவில் எங்கள் சொராரிட்டியின்
பழைய மாணவிகள் மூன்றே பேர்.
ஒருத்திக்கு நினைவு தப்பிவிட்டது.
ஒருத்தி யாருக்கும் எழுதுவதில்லை என்று சபதம்.
மிச்சம் நான்,
பல் மருத்துவரிடம் கணக்கெழுதும் டார்லா சாட்டர்ஃபீல்ட்.

ஆகஸ்டில் டஸ்கலூசா போகிற பெண்களுக்கு
என் கையெழுத்து வேண்டும்.
இவள் நல்லவள், நம் வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று
ஒரு பக்கம்.
அந்த ஒரு பக்கத்துக்காக
என் பெட்டூனியாச் செடிகளைக்கூடப் புகழ்ந்திருக்கிறார்கள்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு.
முதலில் கேள், பிறகு அனுப்பு.
தேவாலய வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்காதே.
பல் பிடுங்கும் நாற்காலியிலிருந்து கேட்காதே,
கேட்டிருக்கிறார்கள், வாயில் பஞ்சோடு.
அம்மா கேட்கக் கூடாது, பெண் கேட்க வேண்டும்.
புகைப்படத்தில் நாய் வேண்டாம், காதலன் வேண்டவே வேண்டாம்.
தபால்தலை ஒட்டிய உறை.
இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்
கையால் எழுதிய நன்றி அட்டை.
இந்தக் கடைசியை மறந்தவளின்
தங்கைக்கு நான் எழுதியதில்லை.

போன வியாழன் ஹாலிஸ் ப்ரூயிட் வந்தாள்,
சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால்.
சாம்பல்நிறக் கோப்பு, மடங்காத மூலைகள்.
நீச்சல், நூலகத்தில் சனிக்கிழமைகள்,
வேதியியலில் ஒரு பி, அதை மறைக்கவில்லை.
"உங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும், மேடம்.
முடியாதென்றாலும் தப்பாக நினைக்க மாட்டேன்."
யாரோ நன்றாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

உறையின் மேல் முகவரி மட்டும் அவள் கையெழுத்தில்லை.
டஸ்கலூசாவின் முதலெழுத்து டி,
அதன் மேல்கோடு கூரைபோல் நீண்டு
அடுத்த நான்கு எழுத்துகளுக்கு நிழல் தந்தது.
அந்தக் கூரையை எனக்குத் தெரியும்.
எங்கள் விருந்தினர் பதிவேட்டில் ஒருமுறை பார்த்தது.
ஜன்னலுக்கு வெளியே
எஞ்சினை நிறுத்தாமல் ஒரு கார்.

ரோவீனா டீக்.
தொண்ணூறாம் ஆண்டு, மூன்றாம் நாள் விருந்து, மழை.
உடைக்குப் பொருத்தமாகச் சாயமேற்றிய சாட்டின் காலணி
நனைந்து வழிந்து
எங்கள் வெள்ளைக் கம்பளத்தில்,
வாசலிலிருந்து பியானோ வரை,
பீச் பழ நிறத்தில் பதினோரு கால்தடங்கள்.
எண்ணியிருக்கிறேன், பாருங்கள்.
அன்றிரவு பட்டியலில் அவள் பெயர் வந்தபோது
யாரோ "கம்பளம்" என்றாள்.
நான் சிரித்தேன்.
எதிர்த்துக் கை தூக்கவில்லை,
தூக்க வேண்டியிருக்கவில்லை.

படிவம் கேட்கிறது:
விண்ணப்பதாரரை எப்படி அறிவீர்கள்?
உறவு. அண்டை வீடு. தேவாலயம். பிற.
பிற என்பதற்குப் பக்கத்தில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு.
எத்தனை பெண்களுக்கு எழுதியிருக்கிறேன்,
அந்தக் கோட்டின் மேல் இதுவரை பேனா வைத்ததில்லை.

எழுதுகிறவள் கார் வரை நடக்கலாமா
என்று எந்த முறையும் சொல்லவில்லை.
ஹாலிஸிடம் பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு
ஐஸ் டீயோடு போனேன்.
படியிறங்குவதற்குள் கோப்பை வேர்த்துவிட்டது, எனக்கும்தான்.
கண்ணாடி நான்கு விரல் இறங்கியது.
முப்பத்தைந்து வருஷம்.
உன் பெண், என்று ஆரம்பித்தேன்.
அவள் கோப்பையைப் பார்த்தாள், என்னை அல்ல.
"சர்க்கரை போடாதது இருக்கிறதா, டார்லா?"

அலபாமாவில் இதைக் கேட்பவர் அபூர்வம்.
இருக்கிறது என்றேன்.
இல்லை.
உள்ளே வந்து புதிதாகத் தண்ணீர் வைத்தேன்.
ஹாலிஸ் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்,
அதிக நேரம் இருந்துவிட்டோமோ என்ற பயத்தில்.
அதை மேசையில் வை, என்றேன்.
உட்கார்.
இன்னும் கொதிக்கவில்லை.