மான் தடம்

நூற்றிருபது மீட்டர். அதற்கு மேல் சட்டம் விடாது.
அங்கிருந்து பார்த்தால் ரை வயல்
இன்னும் சீவாத தலை.

நான்கு விசிறி, ஐந்து கண்.
ஐந்தில் ஒன்று மனிதருக்கு இல்லாத கண்:
சிவப்புக்கு அப்பால் பார்த்து
எந்தத் தாள் பசித்திருக்கிறது என்று சொல்லிவிடும்.
பச்சை என்றால் நலம்.
மஞ்சள் என்றால் தழைச்சத்து போதவில்லை.
சிவப்பு, காப்பீட்டுக்காரர்களின் நிறம்.

போலந்தின் கிழக்கோரம், ஜூன்.
காற்றடித்தால் வயலிலிருந்து மகரந்தம்
புகையாய் எழும் வாரம்.
மின்கம்பத்து உச்சியில் நாரை எழுந்து நின்று
என் எந்திரத்தை முறைக்கிறது.
மின்கலம் இருபத்திரண்டு நிமிடம் தாங்கும்.
கார் மூடிமேல் மடிக்கணினி,
பக்கத்தில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி,
கடித்தது பாதி.

வடக்கு வயல் ஜெனோன் மிஸ்யூக்கினுடையது.
தெற்கு, பொகுமிலா சவித்ஸ்காவினுடையது.
நடுவில் ஒரு வாய்க்கால்.
அது யாருக்கு என்பதில் ஒன்பது வருட வழக்கு.
தேவாலயத்தில் பொகுமிலா இருமினால்
ஜெனோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.
இருவரும் என்னிடம் தனித்தனியே சொல்லியிருந்தார்கள்:
"என் வரைபடத்தை அந்தப் பக்கம் காட்டிவிடாதே."

படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.
பச்சை. பச்சை.
தென்மேற்கு மூலையில் நீர் தேங்கிய மஞ்சள்.
அப்புறம் ஒரு வகிடு.
சிவப்பு வகிடு.

ஜெனோனின் கொட்டகைப் பின்புறம் தொடங்கி
வாய்க்கால் வரை.
வாய்க்கால்மேல் ஒரு பலகை,
வழக்குக் காகிதம் எதிலும் இல்லாத பலகை.
அதைத் தாண்டி அதே வகிடு
பொகுமிலாவின் சமையலறைப் படி வரை.

பெரிதாக்கினேன்.
ஓர் ஆள் அகலம். தாள் ஒன்றும் ஒடிந்திருக்கவில்லை;
விலக்கி விலக்கி நடந்த சாய்வு.
ஆளை மறைக்கும் ரை,
தரையில் நிற்கும் ஊருக்கு இது தெரிய வழியில்லை.
நட்டநடுவில் தடம் நேராகப் போகாமல்
எதையோ சுற்றி அரைவட்டம் போட்டது.
எந்திரத்தைத் தாழ இறக்கினேன்.
விருட்டென்று ஒரு வானம்பாடி எழுந்தது.
இருட்டில் நடக்கும் கால்களுக்கும்
கூடு இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது.

படிவம் கேட்டது:
இழப்பு எவ்வளவு? ஹெக்டேரில் நூற்றில் இரண்டு பங்கு.
காரணம்?
நோய், பூச்சி, நீர்த்தேக்கம், விலங்கு, களவு.
களவு என்ற சொல்லின்மேல்
அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது.
பொய்யாகாது.
ஆனால் பணம் தருகிறவர்கள்
அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் வைத்திருக்கிறார்கள்.
ஊருக்குக் கிடைத்தாலோ அலராகிவிடும்.

விலங்கு என்று அழுத்தி,
குறிப்பில் மான் என்று எழுதினேன்.

பொகுமிலா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
நெடுநேரம் படித்தார்.
"மானா?"
"மான்தான்."
"எத்தனை?"
"தெரியவில்லை. போக்கும் இருக்கிறது, வரவும் இருக்கிறது."
எதுவும் சொல்லாமல் உள்ளே போனவர்
போன வருடத்துக் காளான் ஊறுகாய் ஒரு ஜாடி கொண்டுவந்து
என் கார் இருக்கையில் வைத்து,
உருளாமல் என் கோட்டால் அணைகொடுத்தார்.

ஆகஸ்டில் அறுவடை எந்திரம்
இரண்டு வயலையும் ஒரே நாளில் மழித்தது.
மறுநாள் பறக்கவிட்டேன், யாரும் கேட்காமலே.
கட்டையாய் ஒரே உயரத்தில் அடித்தாள்.
வகிடு இல்லை. பலகையையும் காணோம்.
இந்தக் கோடியில் நின்றால்
அந்தக் கோடியில் பூனை நடப்பது தெரிந்தது.

விதைப்புக்கு இரண்டு வாரம் இருக்க ஜெனோன் வந்தார்.
தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.
இப்போதெல்லாம் கேட்டு வருகிறவர்கள் குட்டை ரகம்தான் கேட்பார்கள்;
காற்றுக்குச் சாயாது, உரம் தாங்கும்.
பட்டியலை அவர் பக்கம் திருப்பினேன்.
பார்க்கவில்லை.

"இருப்பதிலேயே உயரமாய் வளர்வது எது?" என்றார்.
கதவு வரை போய்த் திரும்பி,
"அதுவும் சீக்கிரமாய்."